மேடம் கேண்டி இங்கே இல்லை

எங்கள் ஊரில் ஒருவரைத் தேடி வருகிறவன் இரண்டு காரியங்களைச் செய்யக் கூடாது. கழுவித் துடைத்த வண்டியில் வரக் கூடாது. தேடும் ஆளின் முழுப் பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது. பிராடி ஹாஸ்கின்ஸ் இரண்டையும் ஒரே காலையில் செய்தான்.

சாண்டி ஃபோர்க் என்பது தெற்கு ஜார்ஜியாவில் கறுப்பர்கள் குடியிருக்கும் ஒரு நாற்சந்தி. சந்தியின் ஒரு மூலையில் தேவாலயம், எதிர்மூலையில் பெப்பரின் கடை. கடைக்குள் நுழைந்தால் இடது பக்கம் மனிதர்கள் தின்பது: பொரித்த கெளுத்தி மீன், ரொட்டி, அவித்த வேர்க்கடலை. வலது பக்கம் மீன்கள் தின்பது: மண்புழு டப்பாக்களும், கம்பிவலைப் பெட்டி நிறைய சுவர்க்கோழிப் பூச்சிகளும். தூண்டில்காரர்கள் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். பூச்சிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே பெப்பருக்குக் குரல் பெருத்துவிட்டது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவள் பிறக்கும்போதே அப்படித்தான் கத்தியிருப்பாள்.

பெப்பருக்கு அறுபத்தெட்டு வயது. தலையில் எந்நேரமும் மஞ்சள் தொப்பி. நாலு வயதில் தேவாலய விருந்தில் ஊறுகாய் மிளகாய் ஜாடியைக் காலி செய்துவிட்டு, அழாமல் "இன்னும் இருக்கா?" என்று கேட்டாளாம். அன்று ஒட்டிய பெயர். எங்கள் ஊரில் எல்லோருக்கும் இப்படி ஒட்டிய பெயர்தான். அவள் கொழுந்தனார் ஹாலிவுட், குளிக்கும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். கடை மூலையில் தினமும் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் சோடா. சிகாகோவில் அச்சகத் தொழிலாளியாக இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பிய நான், புத்தகம் படிக்கிற ஒரே குற்றத்துக்காகப் புரொஃபசர்.

அன்று காலை வெள்ளை டிரக் ஒன்று வந்து நின்றது. அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அத்தனை சுத்தம். முப்பது வயது வெள்ளைக்கார இளைஞன் கையில் அட்டையோடு இறங்கினான். கடைக்குள் பேச்சு நின்றது. பூச்சிகள் மட்டும் கத்தின.

"குட் மார்னிங், மேம். கொர்னீலியஸ் டைரின்னு ஒருத்தர் இந்தப் பக்கம் இருக்காராமே, தெரியுங்களா?"

"கொர்னீலியஸா? அந்தப் பேர பைபிள்லதான் படிச்சிருக்கேன், பேபி" என்றாள் பெப்பர்.

மூலையில் சோடா ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நானும் கேள்விப்பட்டதில்ல."

"லெமுவேல் கேண்டி?"

"அவரு அலாஸ்காவுக்குப் போயிட்டாரு. மீன் புடிக்க" என்றாள் பெப்பர்.

வாசல் நாற்காலியிலிருந்து ஹாலிவுட் வருத்தத்தோடு சொன்னார்: "பாவம். ரொம்பக் குளிரு அங்க."

இளைஞன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான். இன்னும் சில பெயர்கள் கேட்டான். ஒருத்தி கல்யாணமாகி டெட்ராய்ட் போயிருந்தாள், ஒருவன் ராணுவத்தில் சேர்ந்திருந்தான், மற்றவர்கள் பிறக்கவே இல்லை. கடைசியாக, "மேடம் கேண்டி?" என்றான்.

பெப்பரின் கரண்டி எண்ணெய்க்கு மேல் ஒரு நொடி நின்றது.

"செத்துப் போயிட்டா."

"ஐயோ. எப்போங்க?"

"போன வருஷம். க்ளீவ்லாண்டுல, மக வீட்டுக்குப் போன எடத்துல. தங்கமான பொம்பள. அவ மீன் பொரிச்சா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கும் நாக்குல எச்சி ஊறும்."

"ரொம்ப வருத்தமா இருக்கு, மேம்" என்று அவன் உண்மையாகவே தொப்பியைக் கழற்றினான். பிறகு மீன் ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனான். துக்கம் விசாரித்தவன் என்பதற்காகப் பெப்பர் ஒரு துண்டு கூடுதலாக வைத்துக் கொடுத்தாள்.

டிரக் மறைந்ததும் கேட்டேன். "யாரு அந்த மேடம் கேண்டி?"

"நாந்தான்."

பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. "மேடமா? அது பட்டமா, பேரா?"

"பேருதான்யா. சிரிச்சின்னா இந்தக் கரண்டி எண்ணெயோட உன் தலையில."

அவள் அப்பா எஸ்ரா, அடுத்தவர் கடலை வயலில் விளைச்சல் வாரத்துக்கு உழுதவர். அறுபது வயதுக் கிழவரானாலும் கறுப்பரென்றால் வெள்ளைக்காரர்கள் "பையா" என்று கூப்பிட்ட காலம். கல்யாணமான பெண்ணை "ஏ குட்டி" என்பார்கள். மளிகைக் கடைக்காரன், தபால்காரன், அவர்களுடைய பத்து வயதுப் பிள்ளை, எல்லோரும் அப்படித்தான். எஸ்ரா யோசித்தார். மகள் பிறந்தாள். பதிவு அலுவலகத்தில் "மேடம்" என்று எழுதச் சொன்னார். "இனிமே அவங்க இவள எப்படிக் கூப்பிடறாங்கன்னு பாக்கறேன்" என்றாராம். துப்பாக்கி இல்லாத மனிதன் வைத்த பொறி அது.

"ஆனா பாரு," என்றாள் பெப்பர், "நான் மிளகாயத் தின்னு தொலைச்சேன். ஊரே பெப்பர்னு கூப்பிட்டிச்சு. வெள்ளைக்காரனும் 'அப்பாடா'ன்னு அதையே புடிச்சிக்கிட்டான். எங்கப்பா சாகற வரைக்கும் ஒரு பய என்னய மேடம்னு சொல்லல."

"சரி, எதுக்கு உன்னையே சாகடிச்ச?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? முழுப் பேரு கேட்டு வர்றவன் மால போடவா வர்றான்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் பகுதிக்கு முழுப் பெயரோடு வந்தவர்கள் யார்? சம்மன் கொண்டு வந்தவன், வண்டியைப் பறிமுதல் செய்ய வந்தவன், ஷெரீஃபின் ஆள். அதற்கும் முந்தைய காலத்தில் வந்தவர்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. நூறு வருடமாக நடுங்கிக் கற்ற பாடம் இது: அயலூரான் பெயர் கேட்டால், அப்படி ஒருவர் இல்லை. அண்டை வீட்டானைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி எங்களிடம் இருந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடிதங்கள் வந்தன.

அன்று கடையில் கூட்டம். எல்லார் கையிலும் ஒரே மாதிரி உறை. மாவட்டத் தேர்தல் குழுவிடமிருந்து. உங்கள் வாக்குரிமையை ஒரு குடிமகன் ஆட்சேபித்திருக்கிறார். நீங்கள் அந்த முகவரியில் வசிக்கவில்லை என்கிறார். செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு நேரில் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். எங்கள் மாநிலத்துச் சட்டப்படி எந்த வாக்காளரும் எந்த வாக்காளரையும் இப்படி ஆட்சேபிக்கலாம். பிராடி ஹாஸ்கின்ஸ் அரசாங்க ஊழியன்கூட இல்லை. வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்யப் புறப்பட்ட தொண்டன். ஏரிக்கரைப் பங்களாக்களில் பாதி வருடம் ஃப்ளோரிடாவில் கிடக்கிற பணக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே அந்த டிரக் போகவில்லை. அழுக்கு இருக்கும் இடம் எதுவென்று இவர்களுக்கு எப்படித்தான் தூரத்திலிருந்தே தெரிகிறதோ!

பெப்பர் தன் கடிதத்தை உரக்கப் படித்தாள். "'மேடம் கேண்டி இறந்துவிட்டதாக அக்கம்பக்கத்தார் ஒருவர் உறுதிப்படுத்தியுள்ளார்.' எவடி அவ? உசுரோட இருக்கறவள சாகடிச்ச அந்த அக்கம்பக்கம் மட்டும் என் கையில கெடைச்சா..."

நின்றாள். பூச்சிகள் கத்தின.

"மஞ்சத் தொப்பி போட்ட அக்கம்பக்கமா இருக்கும்" என்றார் ஹாலிவுட்.

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எங்களை இல்லை என்று சொன்னது நாங்கள்தான். சோடாவைத் தெரியாது என்றது பெப்பர். பெப்பரின் தங்கை மகளைத் தெரியாது என்றது சோடா. ஹாஸ்கின்ஸ் போன வீட்டிலெல்லாம் இதே கதை. ஊர் முழுக்க ஒருவரையொருவர் காப்பாற்றி, மொத்த ஊரையும் பட்டியலை விட்டுத் துரத்தியிருந்தோம்.

அடுத்த மாதம் தேர்தல். மாவட்ட நிர்வாகக் குழுவுக்கு நிற்கிற நர்ஸ் ஒருத்தி, ஆற்றுப் பாலத்தைத் திரும்பக் கட்டுவேன் என்று சொல்லியிருந்தாள். பாலம் உடைந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பெப்பரின் கணவர் அந்தச் சுற்றுவழியில்தான் இறந்தார். போன தேர்தலில் அந்த நர்ஸ் தோற்றது எங்கள் தேவாலயத்தின் இரண்டு பெஞ்சு ஆட்கள் அளவு வித்தியாசத்தில். இப்போது பெயர் போகவிருப்பவர்கள் ஆறு பெஞ்சு.

பெப்பர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "பதினெட்டு வயசுலேருந்து ஒரு எலெக்ஷன் விட்டதில்ல நான். ஓட்டுக்குப் பேரு குடுக்கப் போனதுக்காக எங்கப்பன நெலத்த விட்டு வெரட்டினாங்க. அவங்க வெரட்டினாங்க, சரி. இப்ப அவரு மகள நானே வெரட்டிட்டேன்."

பாஸ்டர் மெக்ரே எழுந்தார். "கவலைப்படாதீங்க, மிஸ் பெப்பர். கர்த்தர் நம்ம பேரையெல்லாம் ஜீவ புத்தகத்துல எழுதி வெச்சிருக்காரு."

"தேர்தல் ஆபீஸ்ல கர்த்தருக்கு வேலை கெடையாது, பாஸ்டர்," என்றேன். "சர்ச் வேன் சாவிய மட்டும் குடுங்க."

கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

செவ்வாய்க்கிழமை வேன், ஹாலிவுட்டின் பழைய பிக்கப், இன்னும் நாலைந்து கார்கள், எல்லாம் டவுனுக்குப் புறப்பட்டன. பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். கோழிப் பண்ணையில் ஒரு நாள் மட்டம் போட்டால் என்ன ஆகும் என்று குழுவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஓட்டுப் போடும் உரிமை எல்லோருக்கும் இலவசம்தான். ஆனால் சிலர் மட்டும் அதை நிரூபிக்க லீவு எடுக்க வேண்டும்.

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர் வென்டல் ப்ரூஸ்டர், கடலை ஆலை முதலாளி. எஸ்ரா விரட்டப்பட்ட நிலம் இவர் அப்பாவுடையது. பெப்பரின் அம்மா இவர்கள் வீட்டுச் சமையற்கட்டில்தான் வேலை பார்த்தாள். வலது பக்கம் டோலிவர் என்றொரு ஓய்வுபெற்ற ஆசிரியை. இடது பக்கம் உட்கார்ந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றியது.

ப்ரூஸ்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கொர்னீலியஸ் டைரி."

யாரும் எழவில்லை.

"கொர்னீலியஸ் டைரி? வரல. ஆட்சேபம் ஏற்கப்படுது. அடுத்து."

எனக்குப் பின்னால் சோடாவின் மனைவி அவர் விலாவில் குத்தினாள். "யோவ், அது நீதானய்யா!"

"தெரியும்டி. கோர்ட்டுல முழுப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்க. எப்படி எந்திரிக்கறது?"

அடுத்த பெயருக்கும் யாரும் எழவில்லை. அறை நிறைய ஆட்கள், ஒருவரும் இல்லை. நூறு வருடப் பாடம் வேலை செய்துகொண்டிருந்தது. பேனா இரண்டாவது பெயரையும் அடிக்கப் போனபோது பெப்பர் துள்ளி எழுந்தாள்.

"நிறுத்துங்க சார்!" பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். அந்தக் குரலுக்குப் பூச்சிகள் தேவைப்படவில்லை. "எல்லாரும் பர்ஸ்ஸ எடுங்க! லைசென்ஸ எடுங்க! உங்க பேரு என்னன்னு பாருங்க! அந்தப் பேர அவரு சொன்னா எந்திரிச்சு நில்லுங்க. இன்னிக்கு ஒரு நாள் நாம இருக்கோம். புரிஞ்சுதா? இருக்கோம்!"

பர்ஸுகள் திறந்தன. அட்டைகள் வெளியே வந்தன. ஒருவர் அட்டையை மற்றவர் எட்டிப் பார்த்தார்.

"லெமுவேலா? ஹாலிவுட், உன் பேரு லெமுவேலா?"

"வாய மூடு. உன் பேரு மட்டும் என்ன வாழுதாம்? ஹெப்சிபாவாம்!"

சிரிப்பு பரவியது. ப்ரூஸ்டர் சுத்தியலைத் தட்டினார். டோலிவர் அம்மா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "முதல் பேர்லேருந்து மறுபடி படிக்கலாம், தலைவரே" என்றார். இடது பக்கத்தவர் விழித்துக்கொண்டு சரியென்றார்.

இந்த முறை சோடா எழுந்தார். "இருக்கேன்." பிறகு ஒவ்வொருவராக. இருக்கேன். இருக்கேங்க. இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. லெமுவேல் கேண்டி எழுந்தபோது, "அலாஸ்காவுக்குப் போனதாச் சொல்லியிருக்கே?" என்று ப்ரூஸ்டர் கேட்டார். "குளிரு தாங்கல சார், திரும்பிட்டேன்" என்றார் ஹாலிவுட்.

கடைசிப் பெயருக்கு வந்ததும் ப்ரூஸ்டர் தாளைப் பார்த்தார், பெப்பரைப் பார்த்தார். அந்தப் பெயரை அவர் வாய் எடுக்கவில்லை. "எம். கேண்டி" என்றார். "இறந்துட்டதாப் பதிவாயிருக்கு. மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், யார் சொன்னது?"

ஹாஸ்கின்ஸ் எழுந்து, கூச்சத்தோடு கையை நீட்டினான். "அவங்கதான் சார். அதே மஞ்சள் தொப்பி."

"பெப்பர், நீ சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"அப்போ பொய் சொல்லியிருக்க."

"ஆமா சார். பொய்தான்."

"அன்னிக்குப் பொய் சொன்னவ இன்னிக்கு மட்டும் நெஜம் சொல்றான்னு நான் எப்படி நம்பறது?" ப்ரூஸ்டர் பின்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. இவள் சொல் செல்லாது என்றால், இவள் ஓட்டும் செல்லாது. இதே சாக்கில், எழுந்து நின்ற மற்றவர்களின் பெயரையும் அடித்துவிடுவார்.

பெப்பர் லைசென்ஸை மேஜைமேல் வைத்தாள். "என்னய நம்ப வேணாம் சார். பேரு சொல்லிக் கூப்பிடுங்க. வந்தா இருக்கேன். வராட்டி செத்துட்டேன்."

"கூப்பிட்டேனே, பெப்பர்."

"பெப்பருக்கு ஓட்டு இல்ல சார். பட்டியல்ல பெப்பருன்னு யாரும் கெடையாது. அங்க என்ன எழுதியிருக்கோ, அதப் படிங்க."

ப்ரூஸ்டர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். பக்கத்தில் பதிவு செய்துகொண்டிருந்த குமாஸ்தாப் பெண், "முழுப் பேரு வேணும் சார், பதிவுக்கு" என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் வேலையை அவள் செய்தாள்.

"மேடம் கேண்டி" என்றார் ப்ரூஸ்டர், தாளைப் பார்த்தபடி.

"சரியாக் கேக்கல சார்" என்றாள் குமாஸ்தா.

"மேடம் கேண்டி!"

"சொல்லுங்க, மிஸ்டர் ப்ரூஸ்டர்" என்றாள் பெப்பர். எஸ்ராவின் பொறி அறுபத்தெட்டு வருடம் கழித்து டக்கென்று மூடியது.

அடுத்து வந்ததை நான் என் காதால் கேட்டேன். அந்தப் பெயரைச் சொன்ன வாய்க்கு அதன் பின்னால் ஒருமை வரவில்லை. "மேடம் கேண்டி, நீங்க... நீங்க இப்ப எங்க குடியிருக்கீங்க?"

"சாண்டி ஃபோர்க்ல சார். கடைக்குப் பின்னாடி. ஒரு சந்தேகம் கேக்கலாமா? செத்தவ கிட்ட முகவரி கேக்கறது சட்டத்துல உண்டா?"

டோலிவர் அம்மா முதலில் கை தூக்கினார். "ஆட்சேபங்கள் எல்லாத்தையும் தள்ளுபடி செய்யலாம்." தூங்கியவரும் தூக்கினார். கடைசியில் ப்ரூஸ்டரும் தூக்கினார். தூக்காமல் என்ன செய்வார், பதிவில் அவரே அவளோடு பேசியாயிற்று.

வெளியே வந்ததும் ஹாஸ்கின்ஸ் ஓடி வந்தான். "மேம், நான் வேணும்னு பண்ணல. நீங்க உசுரோட இருக்கறதுல எனக்கு நெஜமாவே சந்தோஷம்."

"எனக்கும்தான், பேபி. அடுத்த தடவ ஏரிக்கரைப் பக்கம் போயி விசாரி. அங்க மீன் ரொட்டி கெடைக்காது, ஆனா அங்க நெறைய பேரு நெஜமாவே வீட்டுல இருக்க மாட்டாங்க."

தேர்தல் நாளன்று தேவாலயக் கூடத்தில் வரிசை சாலை வரை நின்றது. பெயர் சரிபார்க்கிற மேஜையில் உட்கார்ந்திருந்தவள் பெப்பரின் தங்கை மகள். "பேரு சொல்லுங்க, பெப்பர் பெரியம்மா" என்றாள் சிரிக்காமல்.

"மேடம் கேண்டி" என்றாள் இவள், சாலையில் நின்றவனுக்கும் கேட்கும்படி.

நர்ஸ் ஜெயித்தாள். நாலு பெஞ்சு வித்தியாசம்; எங்கள் ஆறு பெஞ்சு பட்டியலை விட்டுப் போயிருந்தால் தோற்றிருப்பாள்.

பாலம் உடனே வந்துவிடவில்லை. அரசாங்கம் அல்லவா. அடுத்த வசந்தத்தில் ஒரு காலை நானும் ஹாலிவுட்டும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மீன் பொரிகிற சத்தம். கழுவித் துடைத்த ஒரு டிரக் வந்து நின்றது. ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் தாளைப் பார்த்தான்.

"ஆத்தோரத்து நெலம் மேடம் கேண்டிங்கறவங்க பேர்ல இருக்கு. இங்கதான் இருக்காங்களா?"

ஹாலிவுட் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெருமூச்சு விட்டார். "செத்துப் போயிட்டாங்க சார். க்ளீவ்லாண்டுல. தங்கமான பொம்பள."

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. எண்ணெய் சொட்டும் கரண்டியோடு மஞ்சள் தொப்பி பாய்ந்து வந்தது.

"அடப் பாவி லெமுவேலு! அவங்க பாலத்துக்கு அளக்க வந்திருக்காங்கய்யா! சார், போயிடாதீங்க சார், நாந்தான்! மேடம் நாந்தான்!"